செடி நட்டா பில்டர் வேணாமா? பீலித் தண்ணியில மீன் வளக்கிற தம்பிக்கு

தம்பி, உங்க கேள்விய ரெண்டு தரம் படிச்சேன். கொட்டகலையில 2 அடி டேங்க், பீலித் தண்ணி (மலையில ஊறி வர்ற தண்ணி), உள்ள ரெண்டு கோல்ட்ஃபிஷ், பத்துப் பன்னெண்டு கப்பி. கடைக்காரர் "செடிய நட்டுட்டீங்கன்னா தண்ணிய அது பாத்துக்கும், பில்டரும் வேணாம், தண்ணி மாத்தவும் வேணாம்"னு சொல்லி ஆறு செடி குடுத்திருக்கார், நட்டு மூணு வாரத்துல தண்ணி பச்சையாயிருச்சு, விடியக்காலையில மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளந்துக்கிட்டு நிக்குது, படமும் போட்டு, இப்ப வேற எந்தச் செடி போடலாம்னு கேக்குறீங்க. கேட்டது செடியோட பேருதான், ஆனா உங்களுக்குத் தெரிய வேண்டியது செடி தண்ணிய சுத்தம் பண்ணுதா, பண்ணுதுன்னா எவ்வளவு, எந்த வேலைய அது தொடவே தொடாது, அதுதான். அது வெளங்கிட்டா பேரு பின்னால தானா வரும். நான் கொழும்புப் பக்கம் ஏற்றுமதிக்கு நீர்ச்செடி வளக்குற ஒரு நர்சரியில கன வருசம் வேல செஞ்சிட்டு இப்ப அட்டன்ல சின்னதா மீன் கடை வச்சிருக்கேன், அதுனால கடைக்காரங்க என்ன சொல்லி விப்பாங்கன்னும் தெரியும், அந்தச் செடி எங்கேருந்து எப்படி வருதுன்னும் தெரியும்.

சந்தேகமே இல்லாத விசயத்த மொதல்ல சொல்லிர்றேன். மீன் தின்ன சாப்பாட்டுல உள்ள நைதரசன்ல பெரும்பங்கு அமோனியாவா அதோட பூவு (செவுள்) வழியா தண்ணிக்குள்ள வந்துருது, மிச்சம் கழிவுலயும் தின்னாம கெடந்து அழுகுற தீனியிலயும் வருது. தண்ணிக்குள்ள வாழுற செடிக்கு இந்த அமோனியாவோட இன்னொரு ரூபமான அமோனியம்தான் பிடிச்ச உரம், நைத்திரேற்றும் (அமோனியா மாறி உண்டாகுற இன்னொரு நைதரசன் சத்து) அமோனியமும் ரெண்டும் இருந்தா அனேக நீர்ச்செடி மொதல்ல அமோனியத்தத்தான் எடுக்கும், அதுவும் வேரால மட்டுமில்ல எலையாலயே உறிஞ்சும். அதுனால செடி தண்ணிய சுத்தம் பண்ணும்ங்கிறது பொய் கெடையாது. ஆனா எடுத்தத அது எங்க கொண்டு போய் வைக்கும்? புது எலையிலயும் புதுத் தண்டுலயும்தான். வளந்தாத்தான் எடுக்கும், வளராம பச்சையா சும்மா நிக்கிற செடி ஒண்ணும் எடுக்காது, அழகுக்கு நிக்குது அவ்வளவுதான். வளந்தத நீங்க வெட்டி டேங்குக்கு வெளிய போட்டாத்தான் அந்த நைதரசன் உண்மையிலயே வெளிய போகுது, உள்ளயே அழுக விட்டீங்கன்னா எடுத்ததெல்லாம் திரும்ப தண்ணிக்கே வந்துரும்.

எவ்வளவுன்னு ஒரு கணக்கு போட்டுப் பாப்போம், குத்துமதிப்புதான், ஆனா இத போட்டுப் பாத்தா பாதிக் கேள்வி தீந்துரும். உங்க டேங்குல கல்லு மண்ணு போக 50 லீட்டர் தண்ணி இருக்கும். ஒரு நாளைக்கு 1 கிராம் தீனி போடுறீங்கன்னு வச்சுக்குவோம், அதுல 40 சதவீதம் புரதம், புரதத்துல 16 சதவீதம் நைதரசன், அப்ப 64 மில்லிகிராம் நைதரசன். அதுல பாதிக்கு மேல அமோனியாவா கரையும், 35 மில்லிகிராம்னு எடுங்க, 50 லீட்டருக்கு பிரிச்சா லீட்டருக்கு 0.7 மில்லிகிராம், அது ஒவ்வொரு நாளும். இப்ப செடிப் பக்கம் வாங்க. காஞ்ச நீர்ச்செடியில சுமார் 3 சதவீதம் நைதரசன், பச்சைச் செடியில பத்துல ஒம்பது பங்கு தண்ணி. அப்ப அந்த 35 மில்லிகிராமையும் செடியே எடுக்கணும்னா நாளைக்கு 12 கிராமுக்குக் கிட்ட, வாரத்துக்கு 80, 90 கிராம் பச்சைச் செடி புதுசா வளரணும். தண்ணி ஒட்ட ஒதறிட்டுப் பாத்தா நல்லா ஒரு கை நெறைய வரும். அதுனால நான் கடைக்கு வர்றவங்ககிட்ட கேக்குறது ஒண்ணே ஒண்ணு, வாராவாரம் ஒரு கைப்பிடி வெட்டிப் போடுற அளவுக்கு செடி வளருதா? வளருதுன்னா உங்க செடி வேல செய்யுது. மூணு மாசமா கத்திரிக்கோலே தொடலன்னா வேலைய வேற யாரோ செய்யிறாங்க, இல்லாட்டி யாருமே செய்யல.

அந்த வேற யாரோங்கிறதுதான் பக்டீரியா. அமோனியாவ நைத்திரைற்றாக்கி, அத நைத்திரேற்றாக்கிற கூட்டம், பில்டர் ஸ்பொஞ்சுலயும் மண்ணுலயும் கல்லுலயும் ஒட்டி வாழும், புது டேங்குல இது நெலைக்க நாலு முதல் ஆறு வாரம் ஆகும்னு எல்லா இடத்துலயும் எழுதியிருக்கும். அது 25 டிகிரிக்கு மேல உள்ள தண்ணிக்கு எழுதினது. நம்ம பக்கம் டிசம்பர், ஜனவரி விடியக்காலையில ஹீட்டர் இல்லாத டேங்க் 16, 17 டிகிரிக்கு எறங்குறது சாதாரணம், அந்தக் குளிருல இதுங்க ரொம்ப மெதுவாத்தான் பெருகும். குளிர விடப் பெரிய பிரச்சின நம்ம தண்ணி மென்மையானது. யாழ்ப்பாணத்துல சுண்ணாம்புக் கல்லுக்குள்ளேருந்து வர்ற கெணத்துத் தண்ணியில கேத்தில்ல வெள்ளையா படியும், நம்ம மலையில கல்லு கரையாத வகைக் கல்லு, பீலித் தண்ணி மழைத் தண்ணி மாதிரியேதான் வந்து சேருது. பக்டீரியா 1 மில்லிகிராம் அமோனியா நைதரசன மாத்த தண்ணியில உள்ள காரத்தன்மையில (தண்ணி புளிச்சுப் போகாம தாங்கிப் புடிக்கிறது அதுதான்) 7 மில்லிகிராம தின்னுரும். மேல போட்ட கணக்குல நாளைக்கு 0.7, அப்ப லீட்டருக்கு நாளைக்கு 5 மில்லிகிராம் காரத்தன்மை போகுது. உங்க தண்ணியில மொத்தமே 20 இருக்குன்னா நாலு நாளு. அதுக்கப்புறம் பிஎச் (தண்ணியோட புளிப்பக் காட்டுற அளவு, கொறையக் கொறைய புளிப்பு கூட) 6க்குப் பக்கத்துல போய் பக்டீரியா கிட்டத்தட்ட வேலைய நிறுத்திரும், நீங்க பில்டர் ஓடுதேன்னு நிம்மதியா இருப்பீங்க. அதுனாலதான் மலைநாட்டுல டேங்க் வைக்கிறவங்களுக்கு செடி மத்த ஊர விட அவசியம்னு நான் சொல்லுவேன், ஏன்னா மென்மையான, கொஞ்சம் புளிச்ச தண்ணியிலயும் செடி அமோனியத்த எடுத்துக்கிட்டே இருக்கும். கடைக்காரர் சொன்னதுல பாதி சரி. மத்தப் பாதிதான் உங்க மீன மேல கொண்டாந்து நிறுத்தியிருக்கு.

அந்த ஆறு செடியில நாலு கிரிப்டோகொரைன்னு போட்டிருக்கீங்க, "எலை கண்ணாடி மாதிரி ஆகி கரைஞ்சு போச்சு"ன்னும் எழுதியிருக்கீங்க. நர்சரியில இந்தச் செடிய தண்ணிக்குள்ள வளக்குறது இல்ல தம்பி. ஈரக் கொட்டகையில, வேரு மட்டும் தண்ணியில நனையிற மாதிரி, எலைய காத்துல விட்டு வளப்பாங்க, அப்படி வளத்தா வேகமா வளரும், பாசி புடிக்காது, பெட்டியில அடைச்சு அனுப்பவும் லேசு. அந்தக் காத்து எலை தண்ணிக்குள்ள போனா பெரும்பாலும் செத்துரும். ஓரம் மொதல்ல பழுப்பாகும், பொறகு எலை முழுக்க வழுவழுன்னு ஊடு தெரியிற மாதிரி ஆகும், ரெண்டு வெரலால புடிச்சா நசுங்கி கையில ஒட்டும், முகந்து பாத்தா அழுகின கோவா (முட்டைக்கோசு) வாசம் அடிக்கும். கெழங்கும் வேரும் உசுரோட இருக்குறதால சில வாரத்துல தண்ணிக்கேத்த புது எலை விடும், அதுனால செடி செத்துருச்சுன்னு புடுங்கிப் போட்டுறாதீங்க. ஆனா கரையிற எலைய மட்டும் ஒண்ணு விடாம கிள்ளி வெளிய எடுங்க. இதுல உள்ள விசயம் என்னன்னா, கடையில வாங்கின புதுச் செடி மொத மாசம் தண்ணிய சுத்தம் பண்ணாது, அழுக்காக்கும். நீங்க பில்டரும் இல்லாம தண்ணியும் மாத்தாம இருந்தது சரியா அந்த மாசம்தான்.

இப்ப விடியக்காலை விசயம். செடி வெளிச்சத்துல காபனீரொட்சைட்ட எடுத்து ஒட்சிசன விடும், இருட்டுல நம்மள மாதிரியே ஒட்சிசன எடுத்து காபனீரொட்சைட்ட விடும், இது எட்டாம் ஒம்பதாம் வகுப்புப் பாடம். உங்க டேங்குல ராத்திரி சுவாசிக்கிறது மீனும் செடியும் மட்டுமில்ல, பச்சத் தண்ணியில கோடிக்கணக்குல பாசி, அழுகுற எலையில பக்டீரியா, எல்லாம் சேந்து சாயந்தரம் ஆறு மணிக்கு இருந்த ஒட்சிசன விடிய அஞ்சு மணிக்குள்ள காலி பண்ணிருது. நம்ம ஊரு குளிர், குளிர்ந்த தண்ணியில ஒட்சிசன் கூடக் கரையும்னு தைரியமா இருக்க முடியாது. ஒயரம் கூடக் கூட காத்தோட அழுத்தம் கொறையுது, நுவரெலியா 1868 மீட்டர்ல அழுத்தம் கடல் மட்டத்துல உள்ளதுல 80 சதவீதம்தான். கணக்குப் பாத்தா நுவரெலியாவுல 18 டிகிரி தண்ணியில கரையக்கூடிய ஒட்சிசனும் கொழும்புல 30 டிகிரி தண்ணியில கரையிறதும் ரெண்டும் ஒண்ணுதான், லீட்டருக்கு 7.5 மில்லிகிராம் பக்கம். கொட்டகலையும் இந்தக் கணக்குலேருந்து ரொம்ப தூரமில்ல. குளிர் குடுக்குறத ஒயரம் வாங்கிக்குது. மீனு குளிருல கொஞ்சம் கம்மியா மூச்சு விடுங்கிறது மட்டும்தான் நமக்கு லாபம்.

ஆனா மேல வந்து நிக்கிறதுக்கு ஒட்சிசன் மட்டும்தான் காரணம்னு படத்த மட்டும் பாத்து நான் அடிச்சு சொல்ல மாட்டேன். பிரிச்சுப் பாக்க ஒரு வழி இருக்கு. விடியக்காலையில நின்னு, வெளிச்சம் வந்து பத்து மணிக்குள்ள சரியாகிருச்சுன்னா அது ஒட்சிசன். நாள் முழுக்க நிக்குதுன்னா நைத்திரைற்று இல்லாட்டி அமோனியா, நைத்திரைற்றுன்னா பூவு செவப்புப் போய் காப்பி கலருக்கு மாறும். பகல்ல, அதுவும் வெயில் நாள்ல பின்னேரம் ரெண்டு மூணு மணிக்கு மீன் படபடன்னு ஓடி, கல்லுல ஒரசுதுன்னா அது இன்னொரு சங்கதி, அத ரொம்பப் பேரு கவனிக்கிறதே இல்ல.

அது என்னன்னா, அமோனியா தண்ணியில ரெண்டு ரூபத்துல இருக்கும். அமோனியம் அவ்வளவா விசமில்ல, அமோனியா வாயு விசம். எது எவ்வளவுங்கிறத பிஎச் தீர்மானிக்குது. 20 டிகிரியில பிஎச் 6.5ல மொத்தத்துல 0.1 சதவீதம் சொச்சம்தான் விசம், பிஎச் 8ல 4 சதவீதத்துக்குக் கிட்ட, பிஎச் 9ல 28 சதவீதம். நம்ம தண்ணி புளிச்ச தண்ணி, அதுனால நமக்குப் பயமில்லன்னு நெனப்பீங்க. ஆனா காரத்தன்மை கம்மியான தண்ணியில பிஎச்ச புடிச்சு வைக்க ஒண்ணுமில்ல. சன்னலோரம் வெயில் படுற டேங்குல பச்சப் பாசி காபனீரொட்சைட்ட உறிஞ்சித் தள்ளும்போது காலையில 6.5 இருந்தது பின்னேரம் 8.5, 9 வரைக்கும் ஏறலாம், அன்னிக்கு அந்தத் தண்ணியில அமோனியா சேந்திருந்தா அதே தண்ணி ரெண்டு மணிக்கு விசம். ராத்திரி திரும்ப எறங்கிரும், நீங்க ராத்திரி டெஸ்ட் பண்ணிட்டு பிஎச் நல்லாத்தான் இருக்குன்னு சொல்லுவீங்க. அதுனால ஒரே நாள்ல விடிய ஆறு மணிக்கு ஒரு தரம், பின்னேரம் மூணு மணிக்கு ஒரு தரம் பிஎச் பாருங்க. ரெண்டுக்கும் வித்தியாசம் அரைக்குள்ள இருந்தா பரவாயில்ல, ஒண்ணத் தாண்டினா வெயிலக் கொறைங்க.

பச்சத் தண்ணிய செடி போட்டு மாத்தலாமான்னா மாத்தலாம். மேல மெதக்குற செடி வெளிச்சத்த மறைச்சு, அமோனியத்தையும் முந்தி எடுத்துரும், பாசி பட்டினி கெடக்கும். இது வரைக்கும் உறுதி. ஹோர்ன்வோர்ட் மாதிரி சில செடி பாசிக்கு எதிரா ஏதோ ரசாயனம் விடுதுன்னு ஒரு பேச்சு இருக்கு, ஆய்வுகூடத்துல அதுக்கு ஆதாரமும் உண்டு, ஆனா வாராவாரம் தண்ணி மாத்துற வீட்டு டேங்குல அது வேல செய்யிற அளவுக்கு சேருதாங்கிறது இன்னும் தீராத சண்ட. நிழலும் பட்டினியும் மட்டுமே போதும்ங்கிறதுதான் என் கட்சி. செடி விக்கிறவன் நானே சொல்றேன், அந்த ரசாயனத்த நம்பி வாங்காதீங்க.

செடி தொடாத வேலைங்க சிலது இருக்கு. மழைக்கு பீலியில வர்ற செம்மண் கலங்கல செடி எடுக்காது, அத வாளியில ஒரு நாள் வச்சு தெளிய விட்டுத்தான் ஊத்தணும். டவுன் பைப்புத் தண்ணியில உள்ள குளோரின எடுக்காது, அதயும் ஒரு நாள் தெறந்து வச்சு, முடிஞ்சா காத்து ஓட விட்டு ஊத்தணும். மலை மேல தேயிலைக்கு உரம் போட்ட கையோட, இல்லாட்டி புல்லுக்கு மருந்தடிச்ச கையோட மழை பேஞ்சா அந்த வாரம் பீலித் தண்ணிய டேங்குக்கு எடுக்காதீங்க, புல்லுக்கு அடிக்கிற மருந்து செடியத்தான் மொதல்ல கொல்லும், செத்த செடி மீனக் கொல்லும். அப்புறம் தீந்து போன காரத்தன்மைய செடி திருப்பித் தராது, புதுத் தண்ணிதான் தரும். தண்ணி மாத்துறது அழுக்க எடுக்க மட்டும்னு நெனைக்காதீங்க, நம்ம மாதிரி மென்மையான தண்ணிக்காரங்களுக்கு காரத்தன்மைய உள்ள வைக்கிறதுக்கும் அதுதான் வழி. வாரத்துக்கு கால்வாசி மாத்துங்க. கப்பிக்கு கொஞ்சம் கடினத் தண்ணிதான் புடிக்கும் (சாக்கடைக் கான்ல கூட உசுரோட இருக்குதேன்னு கேப்பீங்க, உசுரோட இருக்கும், டேங்குல நல்லா இருக்குறது வேற), அதுனால கழுவின சிப்பி ஓடு ஒரு கைப்பிடி பில்டருக்குள்ள போடுங்க, தண்ணி புளிக்கப் புளிக்க அது கரையும், புளிப்புக் கொறைஞ்சா கரையிறதும் தானா மெதுவாகிரும்.

மண்ணு விசயத்துல ஒண்ணு கண்டிப்பா சொல்லணும். செடி நல்லா வளரட்டும்னு தேயிலை மலையில மண்ணு வெட்டி அடியில போடுறவங்கள நெறைய பாத்திருக்கேன். தேயிலை மண்ணு ஏற்கனவே புளிச்ச மண்ணு, அதுல வருசக்கணக்கா நைதரசன் உரம் போட்டிருக்கும், டேங்குல போட்டா அந்த உரம் நேரா தண்ணிக்கு வரும். மண்ணு போடணும்னே இருந்தா உரம் படாத இடத்துல எடுத்து, மேல ரெண்டு அங்குலம் கழுவின ஆத்து மணல் மூடுங்க. ஆரம்பத்துல வெறும் மணலே போதும். செடி வளராம நின்னு, பழைய எலையில ஊசி குத்தின மாதிரி ஓட்டை விழுந்தா பெரும்பாலும் பொட்டாசியம் கொறைவு, மீன் கழிவுல நைதரசன் உண்டு, பொட்டாசியம் கம்மி, அப்ப மட்டும் நீர்ச்செடிக்குன்னு விக்கிற உரம் கொஞ்சம் போடுங்க. ஒரு சத்து இல்லாட்டி மத்தத இருந்தும் எடுக்காது, அமோனியாவும் அப்படியே நிக்கும்.

இப்ப பேருக்கு வருவோம். குளிருக்கும் தாங்கி வேகமா வளரணும்னா ஹோர்ன்வோர்ட், ஹைட்ரில்லா, கப்பி கிராஸ், ஈகேரியா, இதுல ரெண்ட கட்டுக் கட்டா போடுங்க, நட வேணாம், சும்மா மெதக்க விட்டாலே போதும். அனுபியாஸ், ஜாவா ஃபேர்ன் அழகு, ஆனா வளர்ச்சி ஆமை வேகம், சுத்தத்துக்கு அத நம்ப முடியாது. எனக்கு ரொம்பப் புடிச்சது மணி பிளான்ட், கொடிய சொவத்துல விட்டு வேர மட்டும் டேங்குக்குள்ள விடுங்க, எலை வெளிய இருக்குறதால காத்துலேருந்து காபனீரொட்சைட்ட எடுத்துக்கும், ராத்திரி தண்ணியில உள்ள ஒட்சிசனையும் அவ்வளவா தொடாது. கோல்ட்ஃபிஷ் வேரக் கடிக்கும், வலை ஒண்ணு சுத்தி விடுங்க. ஆத்தோரத்துல கிரிப்டோகொரைன் கண்டா புடுங்கிக்கிட்டு வராதீங்க, நம்ம நாட்டுல மட்டுமே உள்ள வகைங்க அதுல பல இருக்கு, நர்சரிச் செடியே மலிவு. வெட்டின செடிய ஓடையில வீசவும் கூடாது. நம்ம ஓடையெல்லாம் போய்ச் சேருறது கீழ உள்ள ஆத்துக்கும் நீர்த்தேக்கத்துக்கும்தான். ஆகாயத்தாமரைய தடுக்க 1909லயே இந்த நாட்டுல சட்டம் போட்டாங்க, சல்வீனியாங்கிற மெதக்குற செடி 1939ல வந்தது, ரெண்டையும் இன்னிக்கு வரைக்கும் முழுசா ஒழிக்க முடியல. வெட்டினத மரக்கறிப் பாத்திக்குப் போடுங்க, நல்ல உரம்.

இந்த வாரம் செய்ய வேண்டியது: இன்னிக்கே மூணுல ஒரு பங்கு தண்ணி மாத்துங்க, ஊத்துற தண்ணி டேங்க் தண்ணிய விட ரொம்பக் குளிரா இருக்கக் கூடாது. கரைஞ்ச எலை எல்லாத்தையும் எடுங்க. டேங்க சன்னலுக்குத் தள்ளி வச்சு லைட்ட நாளைக்கு 7 மணித்தியாலத்துக்கு மேல போடாதீங்க. ஏர் பம்ப்போட ஒரு ஸ்பொஞ்ச் பில்டர் வாங்குங்க, ராத்திரியில அத நிறுத்தவே கூடாது. 2022 மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாம கெடந்தோமே, அப்படி ராத்திரியில கரண்ட் போனா ஒரு கோப்பையால தண்ணிய அள்ளி மேலேருந்து ஊத்தி ஊத்தி விடுங்க, அதுவே போதும். தீனிய பாதியாக்குங்க, மேல போட்ட கணக்குல தீனி பாதியானா எல்லாமே பாதியாகும். ரெண்டு கோல்ட்ஃபிஷ்ஷும் வளந்தா 50 லீட்டர்ல வைக்கவே முடியாது, எவ்வளவு செடி போட்டாலும் அதுங்க போடுற கழிவுக்கு ஈடு குடுக்காது, கொல்லையில பெரிய தொட்டி உள்ள யாருக்காவது குடுத்துருங்க. டெஸ்ட் கிட் ஒண்ணு தேடி அமோனியா, நைத்திரைற்று ரெண்டும் பாத்து, அந்த ரெண்டு வேளை பிஎச்சையும் சேத்து இங்க போடுங்க. நைத்திரைற்று ஏதாவது காட்டுச்சுன்னா என் பதிலுக்குக் காத்திருக்காம அன்னிக்கே பாதித் தண்ணிய மாத்திட்டு ரெண்டு நாளைக்கு தீனி போடாம விடுங்க.